பழைய அமெரிக்க வெள்ளி டாலர்: எடைக்கு விற்பதா, வியாபாரியிடம் கொடுப்பதா, தரச் சான்று வாங்குவதா, ஏலத்துக்கு அனுப்புவதா?

1881இல் சான் பிரான்சிஸ்கோவில் அடிக்கப்பட்ட மோர்கன் டாலரையும் 1893இல் அதே நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட மோர்கன் டாலரையும் அருகருகே வைத்தால், ஆண்டைத் தவிர வேறு வித்தியாசம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சுதந்திர தேவியின் அதே முகம், பின்பக்கத்தில் அதே கழுகு, எடையும் அதே 26.73 கிராம். இரண்டும் புழங்கித் தேய்ந்தவை என்றே வைத்துக்கொள்வோம். முதலாவதை விற்றால் அதிலுள்ள வெள்ளியின் விலையும் அதற்கு மேல் சிறிது தொகையும் கிடைக்கும். இரண்டாவதை விற்றால் ஆயிரக்கணக்கான டாலர் கிடைக்கும். முதலாவது ஒரு கோடியே 27 லட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்டது. இரண்டாவது ஒரு லட்சம்தான்.

இப்படிப்பட்ட டாலர்கள் சில கைக்கு வந்து சேர்ந்துவிட்டால் அவற்றை விற்க நான்கு வழிகள் இருக்கின்றன. வெள்ளி விலைக்கு எடை போட்டுக் கொடுக்கலாம். நாணய வியாபாரியிடம் விலை பேசலாம். தரமிடும் நிறுவனத்துக்கு அனுப்பிச் சான்று பெற்று, பிறகு விற்கலாம். ஏல நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. ஒரே பெட்டியில் இருக்கும் பத்து நாணயங்களுக்குப் பத்து விதமான பதில்கள் இருக்கலாம். வழியை முதலில் முடிவு செய்துவிட்டு நாணயத்தைப் பிறகு பார்ப்பவர்கள்தான் நஷ்டப்படுகிறார்கள். மேலே சொன்ன 1893ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நாணயத்தை அடகுக் கடையில் எடைக்குக் கொடுப்பது ஒரு நஷ்டம் என்றால், எல்லா ஊரிலும் கிடைக்கும் 1921ஆம் ஆண்டு நாணயத்துக்குப் பணம் கட்டிச் சான்று வாங்குவது இன்னொரு நஷ்டம்.

ஆகவே முதல் வேலை அடையாளம் காண்பது. பெட்டிகளில் மிகுதியாகக் கிடைப்பவை இரண்டே வகை. ஜார்ஜ் மோர்கன் வடிவமைத்த மோர்கன் டாலர் 1878 முதல் 1904 வரையிலும் பிறகு 1921இலும் வெளிவந்தது. அந்தோணி டி ஃபிரான்சிசி வடிவமைத்த பீஸ் டாலர் 1921 முதல் 1928 வரையிலும் மறுபடி 1934, 1935 ஆகிய ஆண்டுகளிலும் வந்தது. மோர்கனில் சுதந்திர தேவி தொப்பி அணிந்து இடப்பக்கம் பார்க்கிறாள். பின்பக்கக் கழுகு சிறகு விரித்து நிற்கிறது. பீஸ் டாலரில் அவள் தலையில் கதிர்க் கிரீடம். பின்பக்கக் கழுகு சிறகு மடக்கிப் பாறைமேல் அமர்ந்திருக்கிறது. இரண்டிலும் 90 சதவீதம் வெள்ளி, 10 சதவீதம் செம்பு.

இவற்றுக்கு முந்தியவையும் உண்டு. 1840 முதல் 1873 வரை வந்த அமர்ந்த நிலைச் சுதந்திர தேவி டாலரில் வெள்ளி அளவு மோர்கனுக்குச் சமம். சீனா முதலிய கிழக்காசிய வணிகத்துக்கென்றே 1873 முதல் அடிக்கப்பட்ட டிரேட் டாலரின் பின்பக்கத்தில் 420 கிரெயின் என்ற எடையே பொறிக்கப்பட்டிருக்கும். சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்துக் குத்திய முத்திரைகள் சிலவற்றில் இன்றும் காணப்படுகின்றன. 1794, 1804 போன்ற ஆண்டுகள் கண்ணில் பட்டால் கை நடுங்குவது இயல்பு. ஆனால் அவை அநேகமாகப் போலியாகவே இருக்கும் என்ற எண்ணத்துடன் தொடங்குவதே பாதுகாப்பு. டிரேட் டாலரிலும் போலிகள் ஏராளம்.

1971 முதல் 1978 வரையிலான ஐசனோவர் டாலர் பலரை ஏமாற்றும். அளவில் பெரியது, பார்வைக்கு வெள்ளி போன்றது. புழக்கத்துக்கு விடப்பட்டவற்றில் வெள்ளி துளியும் இல்லை. சேகரிப்பாளர்களுக்காக சான் பிரான்சிஸ்கோவில் தனியாக அடிக்கப்பட்ட சிலவற்றில் மட்டும் 40 சதவீதம் உண்டு. 22.68 கிராம் காட்டினால் வெள்ளியற்றது, 24.59 கிராம் காட்டினால் வெள்ளி கலந்தது. இதற்குமேல் அந்த வகையில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

வகை தெரிந்தபின் நாணயச்சாலைக் குறியைத் தேட வேண்டும். மோர்கனில் அது பின்பக்கம், இலைமாலையின் முடிச்சுக்குக் கீழே, டாலர் என்ற சொல்லுக்கு மேலே இருக்கும். பீஸ் டாலரிலும் பின்பக்கம்தான். இடது ஓரத்தில், ஒன்று என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே, சிறகு நுனியை ஒட்டிச் சிறிய எழுத்தாக இருக்கும். எழுத்தே இல்லை என்றால் பிலடெல்பியா. எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ், டி என்றால் டென்வர். இரட்டை சி இருந்தால் நெவாடாவின் கார்சன் சிட்டி. அந்தக் குறியைப் பார்த்ததுமே நாணயத்தை எடைக்கு விற்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிடலாம். ஒரு பூதக்கண்ணாடியும் 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசும் இருந்தால் இந்தக் கட்டம் முழுவதையும் வீட்டிலேயே முடித்துவிட முடியும்.

இனி முதல் வழி, எடைக்கு விற்பது. மோர்கன், பீஸ் இரண்டிலும் சுத்த வெள்ளி 24.06 கிராம், நம் கணக்கில் மூன்று பவுன் எடை. அமெரிக்கச் சந்தை பேசும் டிராய் அவுன்ஸ் கணக்கில் 0.7734. அன்றைய வெள்ளி விலையை இந்த எண்ணால் பெருக்கினால் அதுதான் அந்த நாணயத்தின் தரைமட்ட விலை. கணக்குக்காக அவுன்ஸ் 30 டாலர் என்று வைத்தால் 23 டாலர் 20 சென்ட் வருகிறது. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எந்தக் கடைப் படியும் ஏற வேண்டும். இதற்குக் கீழே யாராவது கேட்டால் காரணம் கேட்க வேண்டும். மிகத் தேய்ந்தவை, துளையிடப்பட்டவை, நகையில் பற்றவைத்துப் பிறகு பிரிக்கப்பட்டவை ஆகியவற்றுக்குச் சிறிது குறைவது நியாயம்தான். அத்தகைய பழுதுபட்ட சாதாரண ஆண்டு நாணயங்களுக்கு இதுவே சரியான வழி என்று தயக்கமின்றிச் சொல்வேன். அவற்றுக்கு வேறு சந்தை இல்லை.

மற்றவற்றை இப்படிக் கொடுத்துவிடக் கூடாது. எவை அரியவை என்று அடிக்கப்பட்ட எண்ணிக்கையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். மோர்கன் டாலரின் வரலாறு அந்த எண்ணத்தைத் தலைகீழாக்கிவிடுகிறது.

1878ஆம் ஆண்டின் பிளாண்ட்–அலிசன் சட்டம் அமெரிக்கக் கருவூலத்தை மாதந்தோறும் குறைந்தது 20 லட்சம் டாலருக்கு வெள்ளி வாங்கி நாணயமாக்க வைத்தது. மேற்கு மாநிலச் சுரங்க முதலாளிகளுக்கு அது கொண்டாட்டம். மக்களோ அவ்வளவு கனமான நாணயத்தை விரும்பவில்லை. ஆயிரம் ஆயிரமாகத் துணிப் பைகளில் கட்டிக் கிடங்குகளில் அடுக்கினார்கள். முதல் உலகப் போரின்போது அந்தக் கிடங்குகளுக்கு வேலை வந்தது, அதுவும் இந்தியாவால். ரூபாய் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டு மக்கள் நெருக்கியதால் பிரிட்டிஷ் இந்திய அரசு வெள்ளிக்குத் தவித்தது. 1918 ஏப்ரலில் அமெரிக்கா பிட்மன் சட்டத்தை நிறைவேற்றி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் 25 கோடியே 91 லட்சம் டாலர்களின் வெள்ளி இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. நம் பாட்டன் பூட்டன் காலத்து ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாயில் மோர்கன் டாலர் கலந்திருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இங்கே நமக்கு முக்கியமானது, எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை நாணயங்கள் உருக்கப்பட்டன என்று யாரும் குறித்து வைக்கவில்லை என்பது. அதனால் பழைய உற்பத்திக் கணக்கு எத்தனை பிறந்தன என்பதை மட்டுமே சொல்கிறது. எத்தனை மிஞ்சின என்பதைச் சொல்வதில்லை. உருக்கியதை ஈடுகட்ட மறுபடி வெள்ளி வாங்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. அந்த வெள்ளியில் வந்தவைதான் 1921ஆம் ஆண்டின் எட்டரைக் கோடிக்கும் மேற்பட்ட மோர்கன்களும் 1922இல் பிலடெல்பியா மட்டுமே அடித்த ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பீஸ் டாலர்களும். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் இந்த இரண்டு ஆண்டுகள் தலைகாட்டுவது இதனால்தான்.

கார்சன் சிட்டியின் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1885இல் அங்கே 2,28,000 டாலர்கள் அடிக்கப்பட்டன, 1889இல் 3,50,000. எண்ணிக்கையை நம்பினால் 1885தான் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும். நடப்பு வேறு. 1964இல் கருவூலம் வெள்ளி டாலர் கொடுப்பதை நிறுத்தியபோது மிச்சமிருந்த சுமார் 30 லட்சம் நாணயங்களை அரசின் பொதுச் சேவை நிர்வாகம் 1972 முதல் 1980 வரை பொதுமக்களுக்கு விற்றது. அந்தக் குவியலில் 1885ஆம் ஆண்டு கார்சன் சிட்டி நாணயங்கள் 1,48,285 இருந்தன. 1889ஆம் ஆண்டுக்கு ஒன்றே ஒன்று. அதனால் புழக்கத்துக்கு வராத நிலையில் 1889-சிசி விலை 1885-சிசியைப் பல மடங்கு தாண்டி நிற்கிறது. அந்த அரசு விற்பனையின் கெட்டிப் பிளாஸ்டிக் உறையுடன் நாணயம் கிடைத்தால் உறையை உடைக்கவே கூடாது. அந்த உறைக்கென்றே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு.

விலை ஒரே நாளில் சரிந்த கதையும் உண்டு. 1903ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் டாலர் அநேகமாக முழுவதும் உருக்கப்பட்டுவிட்டது என்று நம்பி, புதியது போன்ற ஒன்றுக்கு 1,500 டாலர் என்று விலைப் பட்டியலில் போட்டிருந்தார்கள். 1962 இறுதியில் பிலடெல்பியா கிடங்கில் பல ஆண்டுகளாக முத்திரையிட்டுக் கிடந்த பைகளை வெளியே விட்டபோது அந்த நாணயம் மூட்டை மூட்டையாக வந்தது. அத்தோடு அந்த விலை தொலைந்தது. எனவே பழைய விலைப் புத்தகம் கையில் கிடைத்தால் அதை வைத்துக் கனவு காண வேண்டாம். பெரிய ஏல நிறுவனங்கள் தங்கள் பழைய ஏலங்களின் முடிவுகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. அதே ஆண்டு, அதே குறி, அதே தரத்தில் அண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று பார்ப்பதே உண்மையான விலை.

ஆண்டையும் குறியையும் போலவே நிலையும் விலையைத் தீர்மானிக்கிறது. சில நாணயங்களில் அதுவே எல்லாம். 1884-எஸ் மோர்கன் தேய்ந்த நிலையில் சாதாரண விலைக்கே கிடைக்கும். அதே நாணயம் புழக்கத்துக்கு வராத நிலையில் இருந்தால் பல்லாயிரம் டாலர். தேய்மானம் முதலில் தெரியும் இடங்கள் மோர்கனில் இரண்டு: சுதந்திர தேவியின் காதுக்கு மேலுள்ள கூந்தல், கழுகின் மார்பு. அங்கே இழைகள் மழுங்கியிருந்தால் அது புழங்கிய நாணயம். புழங்காத நாணயத்தை விளக்கொளியில் மெதுவாகச் சாய்த்தால் இரண்டு ஒளிக்கீற்றுகள் மையத்தைச் சுற்றிச் சுழலும். தேய்ந்ததிலும் துலக்கியதிலும் இந்தச் சுழற்சி இருக்காது. கன்னத்தில் கீறலும் தழும்பும் இருப்பதால் மட்டும் பழையது என்று தள்ளிவிடக் கூடாது. ஆயிரம் நாணயங்களை ஒரே பையில் போட்டு இழுத்ததன் அடையாளம் அது.

துலக்குவது என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று வைப்பது நம் வீடுகளில் ஊறிய பழக்கம். இந்த நாணயங்களின்மேல் திருநீறு, பற்பசை, சோடா மாவு, புளி எதுவும் படக்கூடாது. துணியால் துடைப்பதுகூட மெல்லிய மயிரிழைக் கோடுகளை உண்டாக்கும். நிபுணர் கண்ணுக்கு அவை உடனே தெரியும். விலை பாதிக்கும் கீழே போகலாம், அதற்கு மாற்றும் கிடையாது. கறுப்பும் நீலமும் பொன்னிறமுமாக இயற்கையாகப் படர்ந்த நிறத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், இருந்தபடியே காட்டுங்கள்.

இரண்டாவது வழியான வியாபாரி, சாதாரண ஆண்டுகளுக்கும் நடுத்தர நாணயங்களுக்கும் பெரும்பாலும் ஏற்றவர் என்பது என் கருத்து. பணம் அன்றே கிடைக்கிறது, அஞ்சல் செலவு இல்லை, அரிய நாணயம் ஏதேனும் இருந்தால் நேர்மையானவர் எடுத்துச் சொல்வார். 1891இல் தொடங்கிய அமெரிக்க நாணயவியல் சங்கத்தில் உறுப்பினரா என்று கேட்பது நல்ல தொடக்கம். வியாபாரி சில்லறை விலையைக் கொடுக்க மாட்டார். கடை வாடகையும் லாபமும் அதிலிருந்துதான் வர வேண்டும். அதனால் இரண்டு மூன்று பேரிடம் காட்டி எழுத்தில் விலை கேட்க வேண்டும். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்டால் எண் எதுவும் சொல்லாமல், உங்கள் விலையைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். பெட்டி முழுவதற்கும் ஒரே தொகை பேசுபவரிடம் எச்சரிக்கை தேவை. அந்தத் தொகையில் ஒரு 1893-எஸ் மறைந்து போய்விடக்கூடும். விடுதி அறை எடுத்து இரண்டு நாள் தங்கிப் பழைய தங்கம், வெள்ளி, நாணயம் வாங்குகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் நான் போக மாட்டேன். அடுத்த வாரம் அவர்களைத் தேடிப் போக முகவரி இருக்காது.

மூன்றாவது வழி, தரமிடுதல். பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு நிறுவனங்களின் சான்றைத்தான் சந்தை முழுவதும் ஏற்கிறது. நாணயம் உண்மையானதா என்று பார்த்து, 1 முதல் 70 வரையிலான ஷெல்டன் அளவுகோலில் எண் கொடுத்து, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். 60 அல்லது அதற்கு மேல் என்றால் புழக்கத்துக்கு வராதது. துலக்கப்பட்டிருந்தால் எண் கிடைக்காது, துலக்கியது என்ற குறிப்புடன் திரும்பி வரும். கட்டணம், போக வர அஞ்சல், காப்பீடு எல்லாம் சேர்ந்தால் ஒரு நாணயத்துக்குப் பல பத்து டாலர்கள் ஆகிவிடும். காத்திருப்பு வாரங்களாகவும் மாதங்களாகவும் நீளும். சான்றால் கூடும் விலை இந்தச் செலவைப் போல இரண்டு மடங்காவது இருந்தால்தான் அனுப்புவேன். தேய்ந்த 1921, 1922 நாணயங்கள் இந்தச் சோதனையில் ஒருபோதும் தேறாது. 1881-எஸ் போன்றவை அழகானவை, ஆனால் உயர்ந்த தரத்திலும் தாராளமாகக் கிடைக்கின்றன. குறையே இல்லாதது என்று வியாபாரி ஒருவரே சொன்னால் அனுப்பலாம்.

அனுப்பியே ஆக வேண்டியவை போலிகள் மலிந்த அரிய நாணயங்கள். 1893-எஸ், 1889-சிசி, 3,60,649 மட்டுமே அடிக்கப்பட்ட 1928 பிலடெல்பியா பீஸ் டாலர், உயர்ந்த நிலையில் இருக்கும் 1884-எஸ், 1934-எஸ் ஆகியவை இதில் சேரும். சான்றில்லாமல் இவற்றை வாங்க விவரமறிந்தவர் எவரும் முன்வர மாட்டார். சாதாரண 1893 நாணயத்தில் எஸ் எழுத்தை ஒட்டவைத்து விற்பது பழைய மோசடி. உண்மையான 1893-எஸ் நாணயங்கள் எல்லாமே ஒரே முகப்பு அச்சில் வந்தவை. அதனால் லிபர்ட்டி என்ற சொல்லின் டி எழுத்தின் உச்சியில் ஒரு சிறு சாய்கோடு இருக்கும். அனுப்புமுன் பூதக்கண்ணாடியில் அதைத் தேடிப் பாருங்கள். 1895ஆம் ஆண்டு பிலடெல்பியா நாணயத்தில் சேகரிப்பாளர்களுக்காக மெருகிட்ட அச்சில் அடிக்கப்பட்ட 880 மட்டுமே அறியப்பட்டவை. அதனால் புழங்கித் தேய்ந்த ஒன்றைக் காட்டுபவரிடம் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்.

போலியைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காந்தத்தில் ஒட்டினால் போலி என்பது எல்லோருக்கும் தெரியும். ஒட்டாவிட்டால் உண்மை என்று ஆகிவிடாது. தராசின்மேல் நீர்க்கோப்பையை வைத்துச் சுழியாக்கிவிட்டு, மெல்லிய நூலில் நாணயத்தைக் கட்டி அடியில் படாமல் நீரில் முழுவதும் அமிழ்த்துங்கள். 90 சதவீத வெள்ளியின் அடர்த்தி 10.34 என்பதால் தராசு ஏறக்குறைய 2.6 கிராம் காட்ட வேண்டும். 3 கிராமைத் தாண்டினால் அது வேறு உலோகம். நீரில் நனைந்ததைத் துடைக்காமல் மெத்தென்ற துணிமேல் வைத்து உலரவிட வேண்டும். சரியான வெள்ளியிலேயே செய்யும் போலிகளும் உண்டு, ஒட்டவைத்த எழுத்தும் உண்டு. ஆகவே விலை உயர்ந்த நாணயத்துக்கு இந்தச் சோதனை முதல் வடிகட்டி மட்டுமே. சான்று உறையையும் போலி செய்கிறார்கள். உறையின் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டு, அங்கே வரும் படத்தோடு நாணயத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே காசைக் கொடுக்க வேண்டும்.

நான்காவது வழியான ஏலம், சான்று பெற்ற, உண்மையிலேயே அரிய நாணயங்களுக்கு. ஹெரிடேஜ், ஸ்டாக்ஸ் பவர்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களின் ஏலத்தில் தீவிரச் சேகரிப்பாளர் இருவர் ஒரே நாணயத்துக்கு மோதினால் எந்த வியாபாரியும் கொடுக்காத விலை வரும். மோதாவிட்டால் வராது. வாங்குபவர் மேலே கட்டும் கட்டணம் பெரும்பாலும் 20 சதவீதத்தை ஒட்டியிருக்கும். அவர் அதைக் கழித்துத்தான் கை தூக்குவார் என்பதால் அந்தப் பணமும் ஒரு வகையில் விற்பவரின் பையிலிருந்துதான் போகிறது. விற்பவர் தரகைப் பேசிக் குறைக்க முடியும். நாணயத்தின் மதிப்பு ஏற ஏறப் பேசும் வலிமையும் ஏறும். சில நூறு டாலர் நாணயத்துக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை.

அமெரிக்காவில் வரி கட்டுபவர்களுக்கு ஒன்று. சேகரிப்புப் பொருள்களை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபத்துக்கு உச்ச வரி 28 சதவீதம். ஆனால் வாரிசாக வந்த நாணயத்துக்கு, உரியவர் இறந்த நாளின் சந்தை மதிப்பே பொதுவாக வாங்கிய விலையாகக் கொள்ளப்படும். அந்த நாளையொட்டி எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்கி வைத்தால் பின்னால் கணக்குக் காட்ட எளிது.

நாணயம் இந்தியாவில் இருந்தால் நிலைமை மாறுகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டத்தின் வரையறையில் நூறாண்டு கடந்த நாணயமும் தொல்பொருளாகச் சேர்கிறது. தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருக்கிறது. பழைய மோர்கன் டாலர் அத்தனையும் நூறாண்டைக் கடந்தவை. தரமிடவோ ஏலத்துக்கோ அமெரிக்காவுக்கு அனுப்ப நினைப்பவர்கள் அஞ்சலில் போடுமுன் இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் விசாரித்து, எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ள வேண்டும்.